குண்டு டயரும் குட்டைப் பிரேக்கும்

காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ‘டன்லப்’ என்று எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். அந்த மார்க்கில் பாதியை ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். 1845-லேயே, 23 வயதில், அவர் இதற்கு பேடன்ட் வாங்கிவிட்டார். உள்ளே ரப்பர் பூசிய துணிக்குழாய், வெளியே தோல் உறை, நடுவே காற்று. 1847-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார். வண்டி சத்தமில்லாமல் போனது. ஜனங்களும் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவர் கெட்ட நேரம், இந்தச் சரக்கு யாருக்குத் தேவையோ அந்த வண்டியே அப்போது சந்தையில் இல்லை. பெடல் வைத்த சைக்கிள் பாரிஸில் விற்பனைக்கு வர இன்னும் ஏறக்குறைய 20 வருஷம் பாக்கி. வெறுத்துப்போனாரோ என்னவோ, பிற்காலத்தில் நீராவி வண்டி கட்டியபோது அதற்குக் கெட்டி ரப்பர் டயரைத்தான் மாட்டினார். காற்று டயரைக் கண்டுபிடித்த மனிதரே காற்று டயரை நம்பவில்லை.

அடுத்து வருகிறார் ஜான் பாய்ட் டன்லப். பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியர். இடுப்பை நோக்கி இறங்கும் தாடி. அவருடைய மகனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள். கெட்டி ரப்பர் சக்கரத்தில் பையன் கல் பாவிய தெருவில் போனால் பல் ஆடியது. 1887-ல் அப்பா ஒரு மரத் தட்டை எடுத்தார். அதன் விளிம்பில் ரப்பர் குழாயைச் சுற்றித் துணியால் இழுத்துக் கட்டினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் காற்றை ஏற்றினார். பிறகு பையனின் சக்கரத்தையும் தன் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியில் சாய்ந்தது. புதியது முற்றத்தைக் கடந்து, கேட்டில் முட்டி, திரும்பியும் வந்தது. உருளும் தடை பற்றிய ஒரு பரிசோதனை இது. ஆய்வுக்கூடம் கிடையாது, கணினி கிடையாது, ஒரு கேட் மட்டும் உண்டு. முடிவும் சரியாக வந்தது. பின்னாளில் ஆய்வுக்கூடம் கட்டியவர்கள்தான் இதைத் தப்பாக்கினார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு வருகிறேன்.

1888-ல் டன்லப்புக்கு பேடன்ட் கிடைத்தது. 1889 மே 18-ம் தேதி, பெல்ஃபாஸ்ட்டில் ஒரு பந்தயம். வில்லி ஹ்யூம் என்ற சுமாரான ஓட்டக்காரர் இந்தப் புது டயரோடு வந்து நின்றார். கெட்டி ரப்பர் டயர் ஒல்லியாக, கம்பீரமாக இருக்கும். இது கொழுத்துப்போய் உப்பியிருந்தது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹ்யூம் நான்கு போட்டியில் இறங்கி நான்கையும் ஜெயித்ததும் சிரிப்பு நின்றது. தோற்றவர்களில் டூ க்ரோ சகோதரர்களும் உண்டு. அவர்களுடைய அப்பா ஹார்வி டூ க்ரோ காரியக்காரர். பிள்ளைகள் தோற்ற துக்கத்தில் உட்காரவில்லை. தோற்கடித்த டயரின் வியாபாரத்துக்குள்ளேயே போய் கம்பெனியைக் கையில் எடுத்தார்.

கம்பெனி தொடங்கி மூச்சு விடுவதற்குள், தாம்சனின் பழைய பேடன்ட்டை யாரோ தோண்டி எடுத்தார்கள். டன்லப்பின் பேடன்ட் செல்லாது என்று ஆகிவிட்டது. டூ க்ரோ அசரவில்லை. டயரை ரிம்மில் மாட்டிக் கழற்றும் முறைகளுக்கு வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் பேடன்ட் வைத்திருந்தார்கள். அவற்றை வாங்கிப்போட்டு வியாபாரத்தைக் காப்பாற்றினார். டன்லப் சில வருஷங்களில் ஒதுங்கிவிட்டார். பெரும் பணம் பார்த்தவர்கள் மற்றவர்கள். அவர் தாடிமுகம் மட்டும் கம்பெனிக்கு முத்திரையாக மிஞ்சியது.

கழற்றும் முறை ஏன் அவ்வளவு முக்கியம்? காரணம், ஆரம்பகால டன்லப் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்து, ஒட்டி, பசை காய ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். அப்படிப் பஞ்சரான சைக்கிளோடு ஓர் ஆங்கிலேயர் பிரான்சில் க்ளெர்மோன்-ஃபெரான் ஊரிலிருந்த மிஷ்லன் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு வந்தார். வேலை மணிக்கணக்காக இழுத்தது. மறுநாள் எதுவார் மிஷ்லன் அதை ஓட்டிப் பார்க்க, கொஞ்ச தூரத்திலேயே மறுபடி புஸ்ஸ். ‘இந்தக் காற்று நல்ல சரக்கு, ஆனால் பசைதான் சனியன்’ என்று புரிந்துபோனது. சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,200 கி.மீ. பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அதை மாட்டிக்கொண்டு ஓட்டினார். டன்லப் டயரில் வந்த எதிராளி ஸியெல்-லவால் தூங்கிக்கொண்டிருந்தபோது அவரைத் தாண்டிப் போய் ஜெயித்தார்.

மிஷ்லனுக்கு அது போதவில்லை. அடுத்த வருஷம் பாரிஸ்–க்ளெர்மோன் பந்தயத்தைத் தாங்களே நடத்தி, வழியில் தாங்களே ஆணியைத் தூவினார்கள். தங்கள் டயரை எவ்வளவு சுலபமாகக் கழற்றலாம் என்று காட்ட வேண்டுமே! நம்மூரில் பஞ்சர் கடைக்காரர் ரகசியமாகச் செய்வதாக நாம் சந்தேகப்படும் காரியத்தை, ஒரு டயர் கம்பெனி தன் சொந்தப் பந்தயத்திலேயே செய்தது. 1898-ல் வந்த மிஷ்லன் போஸ்டரில் டயர்களால் ஆன குண்டு மனிதர் கையில் ஒரு கோப்பை. அதில் நிரம்பியிருப்பது ஆணியும் கண்ணாடித் துண்டும்.

அந்தக் குண்டு மனிதரைக் கவனியுங்கள். டயர் என்றாலே குண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

இதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் வெலோசியோ. நிஜப் பெயர் போல் த விவி, ஊர் சேன்-எத்தியேன், சொந்தமாக ஒரு சைக்கிள் பத்திரிகை வேறு. சின்னச் சக்கரம், குண்டு டயர், பல கியர் என்பது அவர் கட்சி. மலை ஏறுவார், இறங்குவார், எழுதுவார். எதிர்க்கட்சித் தலைவர் ஆன்ரி தெக்ராஞ்ச், 1903-ல் டூர் த பிரான்ஸைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர். கியர் மாற்றுவது கிழவர்களுக்கான சமாசாரம் என்பது அவர் கொள்கை. 1937 வரை டூரில் டெரெய்லர் கியருக்குத் தடை. அதுவரை வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக் கியர் மாற்றினார்கள். வெலோசியோ சொன்னது இரண்டு. கியர் விஷயத்தில் அவரை நம்ப உலகத்துக்கு 1937 ஆனது. டயர் விஷயத்தில் இன்னும் 70 வருஷம் கூடுதலாகப் பிடித்தது.

அந்தக் காலக் கணக்கு இன்றைக்கும் ஒவ்வொரு ரோடு சைக்கிளின் டயரிலும் அச்சாகியிருக்கிறது. 700சி என்று போட்டிருக்கும். 700 என்பது டயரோடு சேர்த்து சக்கரத்தின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். ஏ, பி, சி என்ற எழுத்து டயரின் பருமனைக் குறிக்க வந்தது. ஏ ஒல்லி, சி குண்டு. சி ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622. 700-ல் அதைக் கழித்தால் 78. இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டால் 39. ஆக, 700சி சக்கரம் என்றால் 39 மி.மீ. டயர் போட வேண்டிய சக்கரம் என்று பொருள். அதில் 23 மி.மீ. டயரை மாட்டினால் விட்டம் 668-தான் வரும். பல பத்தாண்டுகள் உலகத்தின் அத்தனை பந்தய சைக்கிளும் 668-ஐ வைத்துக்கொண்டு 700 என்று சொல்லிப் பவனி வந்தது. யாரும் கேட்கவில்லை. நம் பால்காரரும் போஸ்ட்மேனும் ஓட்டிய 28 x 1½ வண்டி இந்தக் குடும்பத்தில் பி பிரிவு, 635 மி.மீ. கம்பி பிரேக், ஒன்றரை அங்குல டயர். அது தன் அளவை ஒருநாளும் மாற்றிக்கொள்ளவில்லை, யாரிடமும் பொய் சொல்லவுமில்லை.

பந்தயக்காரர்கள் இதற்குள் ட்யூபுலர் என்ற ரகத்துக்குத் தாவியிருந்தார்கள். ட்யூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றித் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டுவது. ஆமாம், மிஷ்லன் சனியன் என்று ஒதுக்கிய அதே பசை. எடை குறைவு என்பதால் திரும்பி வந்தது. ஸ்பேர் டயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். ரிம் மரத்தால் ஆனது. 1934-ல் மாவிக் அலுமினியக் கலவை ரிம் செய்தது. டூரில் அதற்கு அனுமதி இல்லை. அந்தோனேன் மாஞ்ஞின் சக்கரத்துக்கு மரக் கலரில் பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். அந்த வருஷ டூரை அவர்தான் ஜெயித்தார்.

ட்யூபுலர் செய்த ஒரே உருப்படியான காரியம் 1951-ல் நடந்தது. விம் வான் எஸ்ட், டூரில் மஞ்சள் பனியன் போட்ட முதல் டச்சுக்காரர். போட்ட மறுநாளே ஓபிஸ்க் கணவாய் இறக்கத்தில் வளைவைத் தவறவிட்டு, ஏறக்குறைய 70 மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். எட்டிப் பார்த்தவர்களுக்குக் கீழே மஞ்சள் புள்ளி மட்டும் தெரிந்தது. புள்ளி அசைந்தது. காரில் இருந்த கயிற்றைப் போட்டார்கள், எட்டவில்லை. பிறகு அணியின் ஸ்பேர் டயர்களை எல்லாம் எடுத்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார்கள். சுமார் 40 டயர். அதைப் பிடித்துக்கொண்டு மனிதர் மேலே வந்து சேர்ந்தார், பெரிய காயமில்லை. ஆனால் இழுத்த இழுப்பில் டயரெல்லாம் நீண்டு, எந்த ரிம்மிலும் நிற்காமல் போனது. மாட்டிக்கொள்ள டயர் இல்லாததால் டச்சு அணி மொத்தமாக மூட்டை கட்டியது. வான் எஸ்ட் பிறகு கைக்கடிகார விளம்பரத்தில் வந்தார். ‘என் இதயம் நின்றது, என் கடிகாரம் நிற்கவில்லை’ என்கிற தோரணையில். டயர் கம்பெனிக்காரர்கள் ஏன் இந்த வாய்ப்பை விட்டார்கள் என்பது வியாபார உலகின் மர்மம்.

இனி வில்லன் அறிமுகம். சைக்கிளில் எவ்வளவு குண்டு டயர் போடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பிரேக்கிடம் இருக்கிறது. ரோடு சைக்கிளின் ரிம் பிரேக்கைக் குனிந்து பாருங்கள். ஃபோர்க்கின் தலையில் ஒரே ஒரு போல்ட். அதிலிருந்து இரண்டு கைகள் கிளம்பி, டயருக்கு மேலே வளைந்து, இரு பக்கமும் இறங்கி, நுனியிலுள்ள ரப்பர் கட்டையால் ரிம்மைக் கவ்வுகின்றன. டயர் இந்த வளைவுக்குள் அடங்க வேண்டும். போல்ட்டிலிருந்து கட்டை வரை உள்ள தூரத்துக்கு ரீச் என்று பெயர். கை நீளமாக இருந்தால் அழுத்தும்போது வளைந்து கொடுக்கும், பிடி தளரும். குட்டையாக இருந்தால் பிடி இறுகும், எடையும் குறையும். பொறியாளர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். 47-லிருந்து 57 மி.மீ. வரை இருந்த ரீச், பந்தய சைக்கிளில் 39-லிருந்து 49 ஆனது. வெறும் 8 மி.மீ. குறைப்பு. அந்த 8 மி.மீட்டரில்தான் குண்டு டயரின் தலை இருந்தது.

பிரேக் இறங்கியதும் ஃபிரேம்காரர்களும் ஃபோர்க்கைக் கீழே இறக்கினார்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு அழகு என்று இத்தாலியில் முடிவானது. இத்தாலியில் முடிவானால் உலகத்தில் முடிவான மாதிரி. 1980-களில் காம்பக்னோலோ டெல்டா என்று ஒரு பிரேக் விட்டது. முக்கோண வடிவம், பளபளப்பு, பார்த்துக்கொண்டே இருக்கலாம். வண்டி நிற்பது தனி விஷயம். அதன் கேபிளை இறுக்க 3.5 மி.மீ. ஆலன் கீ வேண்டும். கடைகளில் 3 இருக்கும், 4 இருக்கும், 3.5-க்கு இத்தாலியைப் பார்த்துத் தவம் இருக்க வேண்டும்.

டயர் 25 ஆனது, 23 ஆனது, சில புண்ணியவான்கள் 18 வரை போனார்கள். ஒல்லி டயரில் காற்றைக் கம்மியாக வைத்தால் பள்ளத்தில் ரிம் அடிவாங்கும். ஆகவே 120 பி.எஸ்.ஐ. அடித்தார்கள். கல்லாக இருந்தது. முதுகு வலித்தது. வலித்தால் வேகம் என்று பொருள் என்று நம்பினார்கள்.

அதை நிரூபிக்கத்தான் ஆய்வுக்கூடம். வழுவழுப்பான இரும்பு உருளையின் மேல் டயரை ஓடவிட்டு அளந்தார்கள். காற்றை ஏற்ற ஏற்ற உருளும் தடை குறைந்தது. உண்மைதான். இரும்பு உருளையில் யாராவது பந்தயம் வைத்தால் 18 மி.மீ. டயர்தான் சரி. நிஜ ரோட்டில் கல் உண்டு, விரிசல் உண்டு. கல்லாக இருக்கும் டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. தூக்கிய சக்தி அத்தனையும் உங்கள் காலிலிருந்து வந்தது. உங்கள் தொடையும் தொந்தியும் குலுங்குவதில் அது செலவாகிவிடுகிறது. உருளையின் மேல் தொந்தியை வைத்து யாரும் அளக்கவில்லை. டன்லப்பின் முற்றம் கரடுமுரடாக இருந்தது, அதனால் அவருக்கு விடை சரியாகக் கிடைத்தது.

இந்த மூடநம்பிக்கையின் உச்சம் பாரிஸ்–ரூபே. குதிரை வண்டிக் காலத்துக் கல் பாவிய பாதையில் நடக்கும் பந்தயம். 1990-களில் அங்கே கை நடுக்கத்தைக் குறைக்க என்ன செய்தார்கள்? டயரைக் கொஞ்சம் தாராளமாகக் குண்டாக்கியிருக்கலாம். மாட்டார்களாம். மலை சைக்கிளின் ஷாக் அப்ஸார்பர் ஃபோர்க்கைக் கொண்டுவந்து மாட்டினார்கள். 1992-லும் 1993-லும் துக்லோ-லசால் அதோடு ஜெயித்தார். 1994-ல் யோஹான் முஸேவ் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளில் வந்தார். வண்டி கைவிட்டது. இத்தனை இரும்பும் ஸ்பிரிங்கும் எண்ணெயும் செய்ய முயன்ற வேலையை, கூடுதலாகக் கொஞ்சம் காற்று இலவசமாகச் செய்திருக்கும்.

2000-களின் நடுவில் சியாட்டிலில் யான் ஹைன என்ற பத்திரிகைக்காரர் டயர்களை நிஜ ரோட்டில், ஆளை ஏற்றி, சோதிக்க ஆரம்பித்தார். நல்ல மெல்லிய துணியில் செய்த குண்டு டயர், குறைந்த காற்றிலும் ஒல்லி டயருக்குச் சளைக்காமல் ஓடுகிறது என்று எழுதினார். கேலி செய்தார்கள். பெல்ஃபாஸ்ட்டில் சிரித்த அதே சிரிப்பு, ஆள்தான் வேறு. பிறகு சக்கரக் கம்பெனிகள் ரிம்மை அகலமாக்கின. பந்தய அணிகள் சத்தம் போடாமல் 25-க்கு ஏறின. பிறகு 28.

28-க்கு வந்ததும் தலையில் இடித்தது அந்த 8 மி.மீ. பழைய குட்டைப் பிரேக்கில் பெரும்பாலும் 28 நுழையாது, நுழைந்தாலும் உரசும். கையை மறுபடி நீட்டியிருக்கலாம், நீண்ட ரீச் பிரேக் விலைக்குக் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. அதில் என்ன லாபம்? ஒரு பிரேக்தான் விற்கும். டிஸ்க் பிரேக் என்றால் புது ஃபிரேம், புது ஃபோர்க், புது சக்கரம், புது லிவர், மொத்த சைக்கிளையும் விற்கலாம். 2015-ல் பந்தயத்தில் சோதனை ஆரம்பித்தது. 2016 பாரிஸ்–ரூபேயில் ஃபிரான்சிஸ்கோ வெந்தோசோவின் கால் கிழிந்தது, டிஸ்க்தான் வெட்டியது என்று அவர் எழுதினார், சோதனை நின்றது. அடுத்த வருஷம் தொடர்ந்தது. 2018 ஜூலையில் முழு அனுமதி. 2019 டூரை எகான் பெர்னால் ரிம் பிரேக்கில் ஜெயித்துக் காட்டியும் பயனில்லை, கடைக்காரர்கள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். டிஸ்க் சக்கரத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டதால் டயருக்கு மேலே இடம் காலியானது. 2024 பாரிஸ்–ரூபேயில் வான் டெர் போல் 32 மி.மீ. டயரில் மணிக்கு சராசரி 47.8 கி.மீ. வேகத்தில் போய் ஜெயித்தார், அந்தப் பந்தயத்தின் அதுவரையிலான அதிவேகம். ‘நவீனக் கண்டுபிடிப்பு’ என்று விளம்பரம் வந்தது. வெலோசியோ 1930-லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் சண்டைக்கு வரவில்லை.

சரி, வீட்டில் ரிம் பிரேக் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு. அதை விற்று டிஸ்க் வாங்கும்படி யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் இருக்கிற டயரோடு, முன்பக்கம் ஃபோர்க் தலைக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது, பின்பக்கம் பிரேக் போல்ட்டுக்குக் கீழே எவ்வளவு, பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாய்களுக்கு நடுவே எவ்வளவு என்று பாருங்கள். டயர் 5 மி.மீ. குண்டானால் ஏறக்குறைய அதே அளவு உயரமும் கூடும். மாட்டிய பிறகு எல்லாப் பக்கமும் குறைந்தது 3, 4 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஒரு சின்னக் கல் ஒட்டிக்கொண்டு வந்து மேலே சிக்கினால் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். டயரில் அச்சடித்த நம்பரை நம்ப வேண்டாம். அகல ரிம்மில் 25 என்பது 27-ஆக உப்பும். அளந்து பாருங்கள். பல பழைய வண்டிகளில் 25 தாராளமாகவும், சிலவற்றில் 28-ம் போகும். 28 போட்டால், பிரேக்கின் சின்ன நெம்புகோலைத் திறந்தாலும் காற்றடித்த டயர் கட்டைகளுக்கு நடுவே நுழையாது. கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸில் வயிற்றை எக்கிக்கொண்டு ஏறுவதுபோல, காற்றை இறக்கி, உள்ளே தள்ளி, பிறகு காற்றடிக்க வேண்டும். ஃபோர்க்கில் இடம் இருந்து பிரேக் மட்டும் இடித்தால் 47–57 ரீச் பிரேக்கை விசாரியுங்கள். டிஸ்க் சைக்கிளின் விலையில் அது ஒரு மூலை.

காற்றை 120 அடிக்காதீர்கள். 28-க்கு, உங்கள் எடையைப் பொறுத்து, 70-லிருந்து 80 தாராளம். எதுவுமே பொருந்தவில்லை என்றால் 25-லேயே காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், அதுவே பெரிய வித்தியாசம். இடம் போதவில்லை என்று கார்பன் ஃபோர்க்கை மட்டும் அரம் கொண்டு ராவிவிடாதீர்கள்.